வக்கீலாக இருந்தால் ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) எழுதக்கூடாதா?
நாகர்கோவில் கோர்ட்டில் பிராக்டிஸ் செய்யும் நீங்கள் ஐ.எஃப்.எஸ். எழுத நினைப்பதாகவும், சட்டம் படித்தது வீணாகும் என்று வீட்டில் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். ஒன்றும் வீணாகாது, தம்பி. அதற்கான யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வில் சட்டத்தையே விருப்பப்பாடமாக எடுக்கலாம், 500 மதிப்பெண்.

சுப்ரீம் கோர்ட் வக்கீல் எல்.எம். சிங்வி 1991 முதல் 1997 வரை லண்டனில் நம் ஹை கமிஷனர், அதாவது தூதர். அது நேரடி நியமனம். உங்களுக்குத் தேர்வுதான் வழி.

2012-இல் இத்தாலியக் கடற்படை வீரர்கள் சுட்டதில் நம் மாவட்ட மீனவர் ஒருவரும் இறந்தாரே, அந்த விவகாரம் ஹேக் நடுவர் மன்றம் வரை போய் 2020-இல்தான் தீர்ப்பானது. கடல் சட்டம் தெரிந்த தூதரக அதிகாரி எவ்வளவு தேவை என்று மீனவ ஊரான தூத்தூர்ப் பக்கம் கேட்டுப் பாருங்கள், வீட்டாரையும் கூட்டிப் போங்கள்.

அப்புறம், வயது வரம்பு பொதுப்பிரிவுக்கு 32, ஓ.பி.சி.க்கு 35. விண்ணப்பத்துக்கு முன் அதைச் சரிபாருங்கள்.