வெள்ளியங்கிரி ஏறுகிறவர்களுக்கு: கோடைக் கேள்விகளும் பதில்களும்

கோவைக்கு மேற்கே அடுத்தடுத்து ஏழு மலைகளாக உள்ள வெள்ளியங்கிரியில் பிப்ரவரி முதல் மே வரைதான் மலையேற அனுமதி. பதினொரு கோடை ஏறியிருக்கிறேன். அதில் இரண்டு முறை உச்சியைப் பார்க்காமல் திரும்பியவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏழு மலையும் ஒரே நாளில் முடியுமா சார்?

முடியும். பூண்டி அடிவாரத்திலிருந்து ஒரு வழிக்கு ஆறு கிலோமீட்டர் அளவுதான். உச்சி சுமார் 6,000 அடி. ஆறு கிலோமீட்டர்தானே என்று நினைத்து வருகிறவர்தான் முதல் மலையிலேயே உட்கார்ந்துவிடுகிறார். அங்கே கற்படிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது அரையடி. ஏற மட்டும் ஐந்தாறு மணி நேரம் வையுங்கள்.

எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?

இறங்கும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். நடு மலைகளில் புல்வெளி, நிழல் கிடையாது. திரும்பி வரும்போது காலை பத்து மணிக்குள் அதைத் தாண்டிவிட வேண்டும். அதனால்தான் பெரும்பாலோர் இரவில் ஏறுகிறார்கள். வனத்துறை நேரக் கட்டுப்பாடு போட்டிருந்தால் அதை மீற வேண்டாம். யானை நடமாடும் காடு.

தண்ணீர் எவ்வளவு, அண்ணே? வழியில் சுனை இருக்கிறதாமே?

பாம்பாட்டி சுனை, கைதட்டி சுனை எல்லாம் உண்டு. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் நூல் மாதிரி ஒழுகும், வரிசையில் நிற்க வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டரோடு கிளம்பி, சுனையில் நிரப்பிக்கொள்ளுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கால்மணிக்கு ஒருமுறை இரண்டு மிடறு. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வேர்வையில் போன உப்பு திரும்பாது. தலை சுற்றும், குமட்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் இரண்டு பொட்டலம், ஒரு கை உப்புக்கடலை போதும். பாட்டிலைக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். போன முறை ஒரு பாறை இடுக்கில் மட்டும் முப்பது பாட்டில் எண்ணினேன்.

அப்பாவுக்கு 58 வயது. சர்க்கரை, பிரஷர் உண்டு. கூட வருகிறேன் என்கிறார்.

முதலில் டாக்டரைப் பாருங்கள், அப்புறம் மலை. ஏறும் வழியில் மாரடைப்பால் இறப்பவர்கள் உண்டு. 2024 பருவத்தில் பலர் இறந்தார்கள். நெஞ்சில் பாரம், தாடையிலோ இடது கையிலோ வலி, சில்லென்ற வேர்வை வந்தால் 'வாயுப் பிடிப்பு' என்று சோடா தேடாதீர்கள். அங்கேயே உட்கார வைத்து உதவி கேளுங்கள். ஆம்புலன்ஸ் அடிவாரத்தில்தான் நிற்கும். மேலிருந்து டோலி கட்டித்தான் தூக்கி வர வேண்டும், அதற்கு மணிக்கணக்கில் ஆகும். பிடிவாதம் பிடித்தால் முதல் மலையில் உள்ள வெள்ளைப் பிள்ளையார் கோயில்வரை கூட்டிப் போய்க் கும்பிட்டுவிட்டு இறங்குங்கள். அதுவே பெரிய ஏற்றம்தான்.

இறங்கும்போது முட்டி கழன்றுவிடும் என்கிறார்களே?

ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது தொடை நடுங்கும். ஒவ்வோர் அடியிலும் உடம்பு எடையைத் தொடைத் தசைதான் பிரேக் பிடிக்கிறது. அது களைத்ததும் பாரம் முட்டிக்குப் போகிறது. அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடியை வாங்குங்கள். கீழ்ப்படியில் முதலில் தடி, பிறகு கால். குதிக்கவே கூடாது. முந்தின நாளே கால் நகம் வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஷூவில் இடித்துக் கறுத்துவிடும்.

மே மாதம் ஸ்வெட்டர் எதற்கு?

வேர்த்து நனைந்த சட்டையோடு ஏழாவது மலைக் காற்றில் ஐந்து நிமிடம் நில்லுங்கள், தெரியும். மாற்றுச் சட்டையாவது வேண்டும்.

மார்ச்சில் வேறு மலைக்கு நாங்களே போகலாமா?

அனுமதி இல்லாமல் வேண்டாம் தம்பி. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காய்ந்த புல்லில் தீ மேட்டை நோக்கி ஓடும். மனிதக் கால் அதை முந்தாது.

ஆறாவது மலையில் இருக்கும்போது இடி இடித்தால்?

இறங்கிவிடுங்கள். கோடை மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். மொட்டை உச்சியில் நீங்கள்தான் உயரமான பொருள். தனி மரத்தடியிலும் ஒதுங்காதீர்கள். நான் திரும்பிய இரண்டு முறையும் இதே காரணம்தான். கூட வந்த நண்பன் அடிவாரம் வரை என்னோடு பேசவில்லை.