தாத்தாவின் .315: பழைய வேட்டைத் துப்பாக்கியை நான் கைவிடாத காரணம்

வேட்டையாடுவதே குற்றமாக இருக்கும் நாட்டில், பழைய வேட்டைத் துப்பாக்கியை வைத்திருப்பதிலும் அதைச் சுடுவதிலும் என்ன ஈர்ப்பு இருக்க முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்து, தாத்தாவின் .315 அங்குலக் குழல் அளவு கொண்ட ரைபிளுக்கு இன்று உரிமம் பெற்றிருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை நான் மனமார ஏற்கிறேன். எங்கள் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களின் நடுவே காட்டெருமை வந்து நிற்கும்போது, அது தானாக நகரும் வரை பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு ஆசை எனக்கு எழுந்ததில்லை.

.315 என்ற அளவுக்கே ஒரு கதை உண்டு. படை வீரர்களின் .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போவதை ஆங்கிலேய அரசு விரும்பாததால், அந்தப் படையின் லீ என்ஃபீல்டு ரைபிள் அமைப்பிலேயே ஆஸ்திரியாவின் 8 மில்லிமீட்டர் மான்லிகர் தோட்டா பொருந்தும் ரைபிள்களைச் செய்து இந்தியாவில் விற்றார்கள். விடுதலைக்குப் பின் மேற்கு வங்கத்தில் உள்ள ஈஷாப்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையும் .315 அளவிலேயே ரைபிள் செய்ததால், அதற்கான தோட்டா நம் நாட்டிலேயே கிடைக்கிறது. பழைய சேலம் மாவட்டத்துக் காடுகளில் வேட்டைக்கார எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் சுமந்து திரிந்த .405 வின்செஸ்டர் போன்றவற்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை. சுட முடியாத துப்பாக்கி எவ்வளவு அழகாக இருந்தாலும் என்னைப் பொறுத்தவரை பாதிப் பொருள்தான்.

என்னை முழுமையாகக் கட்டிப்போட்டது அதன் குழல். அக்காலத் தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அது உப்பாகக் குழலுக்குள் படியும், உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், ஏற்காட்டு மூடுபனியில் ஒரே இரவில் துரு பிடித்துவிடும். எண்ணெய் மட்டும் தடவினால் உப்பு போகாது. தண்ணீர்தான் அதைக் கரைக்கும். அதனால் தாத்தா சுட்டுவிட்டு வந்த நாட்களில், சாப்பிட உட்காரும் முன் கெட்டிலில் கொதிக்கவைத்த நீரைப் புனல் வழியே குழலில் ஊற்றி, துணியால் துடைத்து, அதன் பிறகே எண்ணெய் இடுவார் என்று அப்பா சொல்வார். இன்று வெளிச்சத்தை நோக்கிக் குழலைப் பிடித்துப் பார்த்தால், உள்ளே சுருண்டு செல்லும் வரிகள் சிதையாமல் மின்னுகின்றன. நான் பிறக்கும் முன்பே மறைந்த ஒருவரின் பொறுமையை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு பொருள் எங்கள் வீட்டில் இல்லை.

சுடுதளத்தில் ஒரு நாளைக்குப் பத்துத் தோட்டாக்களுக்கு மேல் நான் சுடுவதில்லை. தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் போல்டை முன்னே தள்ளும்போதுதான் சுடும் ஊசியின் ஸ்பிரிங் இறுகும். விசையும் இரண்டு கட்டமாக இழுபடும், முதல் கட்டம் இலகுவாகவும் இரண்டாவது சற்றுக் கனமாகவும் இருக்கும். தொலைநோக்கி இல்லாத வெறும் குறிமுள்ளை வைத்துச் சுடுவதால் மூச்சு, தோள், கண் மூன்றும் ஒன்றாக அடங்கும் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காத்திருப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. எங்களிடம் மூன்று இருந்தன. குழல் புதிதாக இருந்த ஒன்றைக் கொடுத்துவிட்டு இதை வைத்துக்கொண்டேன். தேர்தல் அறிவிப்பு வந்ததும் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, வாரங்கள் கழித்துத் திரும்பப் பெறும்போது, வீட்டு வாசலிலேயே நின்று முதலில் குழலைத்தான் பார்க்கிறேன்.