எதிர்க்கட்சி கணக்குச் சொல்ல வேண்டுமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஆட்சிக்கு வந்தால் என்ன செய்வோம், அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று எதிர்க்கட்சி தேர்தலுக்கு முன்பே விவரமாகச் சொல்ல வேண்டும் என எழுதியிருந்தீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. சீட்டாடுகிறவன் தன் கையை விரித்துக் காட்டுவானா? யோசனை நல்லதாக இருந்தால் ஆளுங்கட்சி திருடிக்கொள்ளும். கசப்பாக இருந்தால் அதைச் சொல்லியே ஊரைப் பயமுறுத்தும். கஜானா சாவியும் அவர்களிடம்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதவர்கள் எப்படிக் கணக்குச் சொல்வது? அதிலும் புதுச்சேரியில் பட்ஜெட்டுக்கே டெல்லி சம்மதம் வேண்டும். இங்கே எதிர்க்கட்சித் திட்டத்துக்கு என்ன மதிப்பு ஐயா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். சீட்டாட்டத்தில் ஆடுகிறவர்கள் தங்கள் பணத்தை வைத்து ஆடுகிறார்கள். தேர்தலில் பந்தயம் வைக்கப்படுவது உங்கள் பணம். அதனால் கையைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு.

யோசனையைத் திருடுவார்கள் என்கிறீர்கள். திருடட்டும். 2021-ல் பக்கத்தில் தமிழ்நாட்டில் நடந்ததைப் பாருங்கள். கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடி பற்றி எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. பேசிக்கொண்டிருந்தது. தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட பிப்ரவரி 26 அன்றே, ஆறு பவுன் வரை தள்ளுபடி என்று அ.தி.மு.க. அரசு அறிவித்தது. மார்ச்சில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றார் ஸ்டாலின். மறுநாளே 1,500 என்றார் பழனிசாமி. ஒரு யோசனையை இரண்டு கட்சியும் சொன்னால் மக்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

என் வருத்தம் வேறு. இத்தனை போட்டியிலும் இது யாருக்கெல்லாம் கிடைக்காது என்று யாரும் சொல்லவில்லை. தி.மு.க. வென்றது. ஐந்து பவுன் வரை தள்ளுபடி வந்தது, ஆனால் நிபந்தனைகளோடு வந்தது. தள்ளுபடி நிச்சயம் என்று நம்பியிருந்த பலர் பட்டியலில் தங்கள் பெயர் இல்லை என்பதை அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டார்கள். 1,000 ரூபாய் திட்டம் 2023 செப்டம்பரில் தொடங்கியது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகக் கூடாது, நஞ்சை ஐந்து ஏக்கருக்கு மேல் இருக்கக் கூடாது என்றெல்லாம் வரம்புகள் இருந்தன. இந்த வரம்புகள் தவறு என்று நான் சொல்லமாட்டேன். தேவைப்படுகிறவர்களுக்குப் பணம் போவதுதான் நியாயம். ஆனால் ஓட்டுப் போடுவதற்கு முன் சொல்லியிருக்க வேண்டியதை இரண்டு வருடம் கழித்துச் சொன்னார்கள். நான் கேட்கும் திட்டம் இதுதான்: யாருக்கு உண்டு என்பதோடு யாருக்கு இல்லை, யார் தலையில் செலவு விழும் என்பதும் அதில் எழுதியிருக்க வேண்டும்.

பயமுறுத்துவார்கள் என்பது உண்மை. அதை நான் மறைக்கப் போவதில்லை. 1992-ல் பிரிட்டனில் எதிர்க்கட்சியாக இருந்த தொழிற்கட்சியின் ஜான் ஸ்மித், எந்த வரியை எவ்வளவு உயர்த்துவோம் என்று நிழல் பட்ஜெட்டே போட்டுக் காட்டினார். கட்சி தோற்றது. ஆஸ்திரேலியாவில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஜான் ஹியூசன், 15 சதவீத ஜி.எஸ்.டி. உட்பட எல்லாவற்றையும் தேர்தலுக்கு ஒரு வருடத்துக்கும் மேலாக முன்னாலேயே, 1991-ல், வெளியிட்டார். 1993-ல் அவரும் தோற்றார். ஆனால் அந்தக் கதை அங்கே முடியவில்லை. 1998-ல் அதே கட்சியின் ஜான் ஹோவர்ட், அப்போது பிரதமர், 10 சதவீத ஜி.எஸ்.டி. போடுவேன் என்று சொல்லியே தேர்தலைச் சந்தித்தார். இடங்கள் குறைந்தன, ஆனால் வென்றார். 2000 ஜூலையில் வரி வந்தது. மக்களுக்குப் பிடிக்காததைச் சொல்லி ஜெயிக்கவே முடியாது என்று யாராவது சொன்னால் எனக்கு ஹோவர்ட்தான் நினைவுக்கு வருவார். மறைத்து வைத்து ஜெயிப்பவர்கள் பிற்பாடு அந்தக் கசப்பை மக்களுக்குக் கொடுக்கும்போது, அதற்கு யாரிடமும் சம்மதம் வாங்கியிருப்பதில்லை.

கஜானா விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நானும். கணக்கைப் பூட்டி வைத்துவிட்டு எதிர்க்கட்சியிடம் கணக்குக் கேட்பது அநியாயம். ஆஸ்திரேலியாவில் 1998 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. தேர்தல் அறிவிப்பாணை வந்த பத்து நாளுக்குள் நாட்டின் நிதிநிலை என்ன என்று உயரதிகாரிகள் கையெழுத்திட்டு வெளியிட வேண்டும். அமைச்சர் அதில் கைவைக்க முடியாது. நெதர்லாந்தில் 1986 முதல் அரசின் பொருளாதார ஆய்வு நிறுவனமே கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளுக்குக் கணக்குப் போட்டுத் தருகிறது. நம் நாட்டில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, வாக்குறுதிகளுக்குப் பணம் எப்படி வரும் என்று பொதுவாகக் குறிப்பிட வேண்டும் என்று தேர்தல் ஆணையம் நடத்தை விதிகளில் சேர்த்தது. 2022-ல் ஒரு படிவமே தயாரித்து, கட்சிகள் செலவை அதில் எழுதித் தர வேண்டும் என்று யோசனை சொன்னது. பல கட்சிகள் எதிர்த்தன.

தமிழ்நாட்டு நிதிநிலை பற்றிய வெள்ளை அறிக்கை 2021 ஆகஸ்ட் 9 அன்று வந்தது. ஆட்சி மாறி மூன்று மாதம் கழித்து. அதே மாதம், பெட்ரோல் விலையில் ஐந்து ரூபாய் குறைப்போம் என்று தேர்தல் அறிக்கையில் தி.மு.க. சொன்ன இடத்தில் மூன்று ரூபாய் குறைத்தார்கள். அந்தக் கணக்கு மார்ச்சிலேயே மக்கள் கையில் இருந்திருந்தால் இரண்டு கட்சிகளின் அறிக்கையும் வேறு மாதிரி இருந்திருக்கும். கஜானா காலி என்று பிறகு சொல்லவும் யாருக்கும் இடம் இருந்திருக்காது.

சரி, நம் ஊருக்கு வருவோம். டெல்லி ஒப்புதல் இருப்பதாலேயே இங்கே திட்டத்தை முன்கூட்டிச் சொல்வது இன்னும் அவசியம் என்பது என் கருத்து. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது வரி குறைந்த ஊர் என்ற நம் பழைய அனுகூலம் பெரும்பாலும் போய்விட்டது. வெளியூர்க்காரர்கள் வந்து சாமான் வாங்கிப் போன காலம் உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். இப்போது இங்கே வரும் அரசு தானாகக் கை வைக்கக் கூடியவை மதுவின் கலால், பெட்ரோல் டீசல் மீதான வாட், பத்திரப்பதிவுக் கட்டணம் என்று சிலதான். புதிதாக மாதம் எதையாவது தருகிறேன் என்பவர் இவற்றில் எதைத் தொடப் போகிறார்? சாராயக் கடைகளைக் குறைப்பேன் என்று ஒரு பக்கத்திலும், உதவித்தொகையை உயர்த்துவேன் என்று அடுத்த பக்கத்திலும் எழுதினால் நடுவில் ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் ரோடியர் மில். 1898-ல் இங்கே தொடங்கிய துணி ஆலை. 2011 தானே புயலில் அடி வாங்கியது, கடைசி வருடங்களில் தொழிலாளர்கள் வேலை இல்லாத நாட்களுக்கான லே-ஆஃப் சம்பளத்தில் காலம் தள்ளினார்கள், 2020 ஏப்ரலோடு மூடினார்கள். இங்கே ஆலைகளைத் திறப்போம் என்று மேடையில் சொன்னால் கை தட்டாத ஆள் கிடையாது. என் உறவினர்களிலும் மில் தொழிலாளர்கள் இருந்தார்கள் என்பதால் எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் எந்த இயந்திரம், யார் முதலீடு, என்ன நூல், யார் வாங்குவார்கள், எத்தனை பேருக்கு வேலை? அல்லது அந்த நிலத்தில் வேறு ஏதாவது வருமா? பழைய தொழிலாளர்களுக்கு வர வேண்டிய பணம் எந்த வருட பட்ஜெட்டில்? இதற்கெல்லாம் கஜானா சாவி தேவையில்லை. ஒரு கட்சி ஆறு மாதம் உட்கார்ந்து யோசித்தால் போதும். பா.ம.க. ஆண்டுதோறும் தமிழ்நாட்டுக்கு நிழல் நிதிநிலை அறிக்கை வெளியிடுகிறது. அவர்கள் கணக்கோடு நீங்கள் ஒத்துப்போகலாம், போகாமலும் இருக்கலாம். எதிரே உட்கார்ந்திருப்பவர்களாலும் இதைச் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி.

மாநில அந்தஸ்து கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களிடமும் இதே கேள்விதான். மத்திய வரிப் பணத்தை மாநிலங்களுக்கு எப்படிப் பிரிப்பது என்று சொல்வது நிதிக்குழு. யூனியன் பிரதேசம் என்பதால் நாம் அதன் பங்கீட்டில் இல்லை. மாநிலமானால் அதில் எவ்வளவு வரும், இப்போதைய மத்திய மானியம் போனால் எவ்வளவு குறையும், இருக்கும் கடனை யார் கட்டுவார்கள்? இதற்கு விடை எழுதிய தேர்தல் அறிக்கை உங்கள் கையில் கிடைத்தால், அது எந்தக் கட்சியுடையதாக இருந்தாலும், எனக்கு அனுப்பி வையுங்கள். வரி விடாமல் படித்து எழுதுகிறேன்.