கானிவல் திடலில் பழைய சல்லி

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் வாவிக் கரையில் ஒரு திடல் சும்மா கிடக்கிறது. அப்பப்பா காலத்தில் அங்கேதான் கானிவல் நடக்குமாம். லண்டனிலிருந்து வந்த மச்சான் ஒரு மெட்டல் டிடெக்டரைத் தந்துவிட்டுப் போனார். அங்கே பழைய கானிவல் திடல்களில் இப்படித்தான் காசு எடுக்கிறார்களாம். நானும் தேடலாமா?
- வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: தம்பி, தோண்டாதீர்கள். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

மச்சான் சொன்னது அந்த நாட்டுக்குச் சரி. இங்கிலாந்தில் காணிக்காரர் சம்மதித்தால் தேடலாம். 300 வருடம் பழைய தங்க, வெள்ளிக் காசுகள் இரண்டு சேர்ந்து கிடைத்தாலே 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அறிவிக்க வேண்டும். நம் நாட்டில் 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. தொல்பொருள் தேடித் தோண்டுவதானால், சொந்தக் காணியாக இருந்தாலும், தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். மெஷினும் மண்வெட்டியுமாக நிற்பவரைப் பொலிஸ் புதையல்காரர் என்றுதான் பார்க்கும். கானிவல் சல்லி தேடினேன் என்றால் யார் நம்புவார்கள்?

இன்னொன்று, யுத்தம் நடந்த மண் இது. மட்டக்களப்பு கண்ணிவெடியற்ற மாவட்டமாக 2017இல் அறிவிக்கப்பட்டதுதான். ஆனாலும் மெஷின் கத்துவது சதத்துக்கா, சன்னத்துக்கா, வெடிக்காத குண்டுக்கா என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது. இதற்காகவே உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

சரி, அந்தத் திடலில் என்னதான் கிடக்கும்? அப்பப்பா காலம் என்றால் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் சதங்கள்தான் அதிகம் இருக்கும். 1944இல் வந்த, விளிம்பு நெளிந்த இரண்டு சதமும் பத்துச் சதமும், சதுர ஐந்து சதமும். அந்தச் சதுரக் காசு 1909இலேயே வந்துவிட்டது. பிறகும் கானிவல் நடந்திருந்தால் 1963இன் அலுமினிய ஒரு சதம், இரண்டு சதம். சிகரெட் பெட்டித் தாளுக்கும் அந்த அலுமினியச் சதத்துக்கும் மெஷினில் கிட்டத்தட்ட ஒரே சத்தம்தான் வரும். தாளுக்குக் கத்தாதபடி மெஷினைச் சரிசெய்து வைத்தால் சதமும் தப்பிவிடும். வாவிக் கரையின் ஈர உப்பு மண்ணும் மின்சாரம் கடத்துவதால், ஒன்றும் இல்லாத இடத்திலேயே மெஷின் கத்தும்.

காசு எங்கே கிடந்தது என்றுதான் நான் முதலில் கேட்பேன். என்னிடம் ஓர் அரைச் சதம் இருக்கிறது. மண்டூர்த் திருவிழாவில் கடலை விற்ற ஒரு பெரியவர், தான் கடை போட்ட மரத்தடியைக் காட்டிவிட்டுத் தந்தது. கடையில் விலைக்கு வாங்கிய எந்தக் காசையும் விட அது எனக்குப் பெரிது. உங்கள் ஊரிலும் அப்படியானவர்கள் இருப்பார்கள். ராட்டினம் எங்கே சுற்றியது, வளையம் எறியும் கடை எது, சர்பத் எங்கே விற்றது என்று கேட்டு ஒரு படம் கீறி வையுங்கள். சல்லி விழுந்திருந்தால் அந்த இடங்களில்தான் விழுந்திருக்கும். மாரி மழை மேல்மண்ணைக் கழுவிய பிறகு, காணிக்குப் பொறுப்பானவரிடம் கேட்டுக்கொண்டு, கண்ணால் பார்த்து நடங்கள்.

ஒல்லாந்தர் கம்பனியின் 'விஓசி' முத்திரைச் செப்புக் காசோ, யானை பொறித்த ஆங்கிலேயர் காலத்துப் பழைய செப்புக் காசோ கண்ணில் பட்டால், எடுக்காமல் படம் பிடித்துப் பிரதேச செயலகத்துக்கு அறிவியுங்கள். மேலே சொன்ன கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முந்தியது நிச்சயம் தொல்பொருள்தான்.

கேள்வி: அம்மம்மாவின் பெட்டியில் இருந்த விக்டோரியா மகாராணி சதம் பச்சை பிடித்திருக்கிறது. தேசிக்காய் போட்டுத் தேய்க்கலாமா?
- வாசகி, காரைதீவு

பதில்: வேண்டாம் மகள். தேசிக்காய், புளி, பிராசோ எதுவும் வேண்டாம். பச்சையோடு சேர்ந்து எழுத்தும் போய்விடும். காய்ச்சி வடித்த தண்ணீரில் சில நாள் ஊறவிடுங்கள். தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்து, பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். இறுகிய பச்சையால் காசுக்குக் கெடுதல் இல்லை. மாவாக உதிர்ந்து திரும்பத் திரும்ப வருகிற வெளிர் பச்சைதான் உப்பினால் வரும் நோய். அந்தக் காசை நன்றாக உலர்த்தி, புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் வருமே, ஈரம் உறிஞ்சும் சிறு பொதி, அதோடு தனியாக வையுங்கள். மலிவான பிளாஸ்டிக் ஆல்பம் வாங்க வேண்டாம். அந்த பிளாஸ்டிக்கே கசிந்து காசில் ஒட்டும்.