டெக்சஸ் துப்பாக்கி லைசென்ஸ் நியூ ஜெர்சியில் செல்லுமா?

கேள்வி: டெக்சஸில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்ல லைசென்ஸ் வைத்திருக்கிறேன். கிரீன் கார்டு உண்டு. வேலை மாறி குடும்பத்தோடு நியூ ஜெர்சிக்குப் போகிறோம். அந்த லைசென்ஸ் அங்கே செல்லுமா? கிளம்புவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

செல்லாது. நியூ ஜெர்சி வேறு எந்த மாநிலத்தின் பெர்மிட்டையும் ஏற்பதில்லை. டெக்சஸ் லைசென்ஸை நம்பி இடுப்பில் துப்பாக்கியோடு உள்ளே போனால் அது இரண்டாம் நிலைக் குற்றம். 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, அதில் குறைந்தது 42 மாதம் பரோல் கிடையாது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொன்னால் எடுபடாது. 2013இல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஒரு இளம் தாய், தன் மாநில பெர்மிட் அங்கேயும் செல்லும் என்று நம்பி, காரை நிறுத்திய போலீஸிடம் தானாகவே துப்பாக்கி இருப்பதைச் சொன்னார். கைது செய்துவிட்டார்கள். 2015இல் அப்போதைய நியூ ஜெர்சி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி அவருக்கு மன்னிப்பு வழங்கினார். எல்லோருக்கும் ஆளுநர் வரமாட்டார்.

நானும் டாலஸ் பக்கமிருந்து நியூ ஜெர்சியின் எடிசனுக்கு வந்தவன்தான். என்னிடம் கேட்கும் நண்பர்கள் எல்லோருமே எடுத்துச் செல்வதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: இந்தத் துப்பாக்கியையும் இதன் மேகசினையும் (தோட்டாக்களை அடைத்துத் துப்பாக்கியில் செருகும் உறை) அங்கே வீட்டில் வைத்திருக்கவாவது சட்டம் விடுகிறதா? டெக்சஸில் 2021 செப்டம்பர் முதல் 21 வயதான பெரும்பாலோர் லைசென்ஸே இல்லாமல் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். அந்தச் சூழலில் இருந்துவிட்டால் இப்படி ஒரு கேள்வி இருப்பதே மனசில் வராது.

முதலில் மேகசின். நியூ ஜெர்சியில் 2018இல் வந்த சட்டப்படி 10 தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகசின் கூடாது. பூட்டி வீட்டில் வைத்திருந்தாலும் குற்றம்தான். பலர் வைத்திருக்கும் கிளாக் 19 துப்பாக்கியோடு கடையில் சாதாரணமாகத் தருவது 15 தோட்டா மேகசின். நான் என்னுடையவற்றை டெக்சஸிலேயே கொடுத்துவிட்டு, 10 தோட்டா மேகசின் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், இங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அப்புறம் ஹாலோ பாயிண்ட், அதாவது முனை குழிந்த தோட்டா. வீட்டிலும் சுடுதளத்திலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் நியூ ஜெர்சி பெர்மிட்டே கையில் இருந்தாலும் அதைத் துப்பாக்கியில் போட்டுக்கொண்டு வெளியே போக முடியாது.

குடியேறியதிலிருந்து 60 நாட்களுக்குள் துப்பாக்கி வாங்குவோருக்கான அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து, வெளிமாநிலத்தில் வாங்கிய துப்பாக்கியைப் பதிவு செய்ய வேண்டும். இது 2022இல் வந்த விதி. உங்கள் ஊர்க் காவல் நிலையம்தான் இதற்கான இடம், ஊர்க் காவல் இல்லாத பகுதி என்றால் மாநிலக் காவல்துறை. கைரேகையும் பின்னணிச் சோதனையும் உண்டு என்பதால் பெட்டிகளைப் பிரிக்கும் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். எடுத்துச் செல்லும் பெர்மிட் இதற்கு மேல் தனி வேலை: உங்களை நன்கு தெரிந்த 4 பேரின் சான்று, சுடும் தேர்வு, 200 டாலர் கட்டணம். கிடைத்தாலும் 2 ஆண்டுக்குத்தான். பள்ளி, மருத்துவமனை, மது பரிமாறும் இடம் என்று கொண்டுபோகக் கூடாத இடங்களின் பட்டியலும் நீளம்.

காரிலேயே வருவதாக இருந்தால் வழியையும் பாருங்கள். 81ஆம் எண் நெடுஞ்சாலையில் வந்தால் மேரிலாந்தை ஒரு சின்னத் துண்டாகத்தான் கடப்பீர்கள், ஆனால் மேரிலாந்தும் வெளிமாநில பெர்மிட்டை ஏற்காது. துப்பாக்கியோடு மாநிலங்களைக் கடந்து போகிறவரை இங்கே காப்பது 1986இன் கூட்டாட்சிச் சட்டம். துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது, இருக்கையிலிருந்து கைக்கு எட்டாமல் டிக்கியில் இருக்க வேண்டும். தனி டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டியில் வையுங்கள், டாஷ்போர்டு அறை அந்தக் கணக்கில் சேராது. இந்தப் பாதுகாப்பைப் பலர் அளவுக்கு மீறி நம்புகிறார்கள். 2005இல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவுக்குப் போன ஒரு பயணி நியூ ஜெர்சியின் நியூவார்க்கில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டு, பெட்டியை வாங்கிக்கொண்டு ஹோட்டலில் தங்கினார். மறுநாள் விமான நிலையத்தில் கைது. ஹோட்டலில் துப்பாக்கி அவர் கைக்கு எட்டும்படி இருந்தது, எனவே அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரவு தங்குவதாக இருந்தால் வெளிமாநிலத்தவர் வைத்திருக்கத் தடை இல்லாத மாநிலத்தில் தங்குங்கள். வர்ஜீனியாவில் தங்கிவிட்டு மறுநாள் நிற்காமல் வருவது நல்லது.

கிரீன் கார்டு என்று சொன்னதால் இதையும் அழுத்தமாகச் சொல்கிறேன். துப்பாக்கி வைத்திருக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் துப்பாக்கிச் சட்டத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தவே அது போதும். குடிமகன் ஒருவருக்குச் சிறையோடு முடிவது உங்களுக்கு அங்கே முடியாது. வந்ததும் இந்தத் துறை தெரிந்த ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிடுங்கள், அந்தச் செலவுக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

எச்1பி, எஃப்1, விசிட்டர் விசா போன்றவற்றில் இருப்பவர்கள், வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் இல்லாவிட்டால், எந்த மாநிலத்திலும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து ஆறு மாதம் தங்கும்போது பெட்டகத்தின் சாவியோ எண்ணோ அவர்களிடம் இருக்கக் கூடாது. எச்1பி நண்பரை சுடுதளத்துக்குக் கூட்டிப்போய், ஒரு தடவை சுட்டுப் பாருங்களேன் என்று கையில் கொடுப்பதும் அவருக்குக் கூட்டாட்சிக் குற்றமாகிவிடலாம், கொடுத்த உங்களுக்கும்தான்.