ஸ்பான்சர் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வெளிநாடு சென்று வரலாமா?

கேள்வி: நான் கனடாவில் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவன். விசிட்டர் விசாவில் வந்து என்னுடன் வசிக்கும் மனைவியை, உள்நாட்டுப் பிரிவில் ஸ்பான்சர் செய்து விண்ணப்பித்திருக்கிறேன். எந்த முதலாளியிடமும் வேலை செய்ய அனுமதிக்கும் ஓபன் வொர்க் பெர்மிட்டும் அவருக்குக் கிடைத்துவிட்டது. தாயாரின் அறுவைச் சிகிச்சைக்காக மூன்று வாரம் இந்தியா சென்று வர விரும்புகிறார். பெர்மிட் கையில் இருப்பதால் திரும்பி வருவதில் சிக்கல் இராது என்கிறார்கள் நண்பர்கள். அது சரியா?

பதில்: சரியல்ல. வொர்க் பெர்மிட் என்பது கனடாவுக்குள் இருந்து வேலை செய்வதற்கான அனுமதியே தவிர, நாட்டுக்குள் நுழைவதற்கான விசா அல்ல. மீண்டும் நுழைய அது அனுமதி அளிக்காது என்ற வரி அந்தத் தாளிலேயே ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும், எடுத்துப் பாருங்கள். இந்தியக் குடிமக்களுக்கு விசா தேவைப்படுவதால், உங்கள் மனைவியின் கடவுச்சீட்டில் ஒட்டப்பட்டுள்ள விசாவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது பலமுறை நுழைய அனுமதிக்கும் ‘மல்டிபிள்’ வகையைச் சேர்ந்ததாகவும், அவர் திரும்பும் நாளில் காலாவதியாகாமலும் இருக்க வேண்டும். ஒருமுறை நுழைவதற்கு மட்டும் தரப்பட்ட விசாவாக இருந்தால், வந்த அன்றே அதன் பயன் முடிந்துவிட்டது. (அமெரிக்காவுக்கு மட்டும் சென்று, அனுமதிக் காலத்துக்குள் நேரே திரும்புவோருக்கு இதில் விலக்கு உண்டு, உங்களுக்கு அது உதவாது.)

விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நாட்டைவிட்டு வெளியே போவதைச் சட்டம் தடுக்கவில்லை. திரும்ப முடியாமல் போவதே உண்மையான ஆபத்து. உள்நாட்டுப் பிரிவின் அடிப்படையே தம்பதியர் கனடாவில் சேர்ந்து வாழ்வதுதான் என்பதால், மனைவி வெளியே சிக்கிக்கொண்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படக்கூடும். குடும்பப் பிரிவில், அதாவது பலரும் ‘வெளிநாட்டு ஸ்பான்சர்’ என்று சொல்லும் வகையில், நிராகரிப்பை எதிர்த்துக் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குச் செல்லும் உரிமை ஸ்பான்சருக்கு உண்டு. உள்நாட்டுப் பிரிவில் அந்த உரிமை கிடையாது. அடிக்கடி பயணம் செய்ய வேண்டியவர்கள், இருவரும் கனடாவில் இருந்தாலும், தொடக்கத்திலேயே குடும்பப் பிரிவைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான். நடுவில் மாற விரும்பினால், இப்போதைய விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பெர்மிட் முடிவதற்குள் நீட்டிக்க விண்ணப்பித்துவிட்டு, முடிவு வரும்வரை பழைய நிபந்தனைகளின்படி வேலை செய்பவர்கள், அந்த இடைவெளியில் வெளியே சென்றால் அந்தச் சலுகையை இழப்பார்கள். விசா செல்லுபடியானதாக இருந்து மீண்டும் உள்ளே வந்தாலும், புதிய பெர்மிட் கிடைக்கும்வரை வேலை செய்ய இயலாது. பெர்மிட்டின் கடைசித் தேதியைப் பார்த்துவிட்டுப் பயண நாளைத் தீர்மானியுங்கள்.

நீங்களும் உடன் செல்வதில் தவறில்லை. ஆனால் நிரந்தர வதிவிட உரிமையுள்ள ஸ்பான்சர் கனடாவில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்பதால் தங்கலை நீட்டிக்க வேண்டாம்.

விசா காலாவதியாகியிருந்தால், செல்லுபடியாகும் பெர்மிட் உள்ளவர் கனடாவில் இருந்தபடியே இணையம் வழியாகப் புதிய விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். ஒப்புதல் கிடைத்ததும் கடவுச்சீட்டை அனுப்பி ஒட்டுவித்துப் பெற வேண்டும். அது திரும்பி வரும்வரை அவர் விமானம் ஏற முடியாது. சிகிச்சைத் தேதி நெருங்கியிருந்தால், இன்றே விண்ணப்பித்துவிட்டு, விசா கைக்கு வந்த பிறகு டிக்கெட் எடுங்கள்.