கைப்பட செஞ்சு குடுக்கணும்: கேக்கும் கம்பளி நூலும், வாசகர் கேள்வி பதில்

டிசம்பர் கிட்ட வந்தாலே நம்ம பகுதிக்கு வர்ற கேள்வியெல்லாம் ஒரே பக்கமா சாஞ்சிடும், ஒண்ணு கேக், இல்லன்னா ஸ்வெட்டர். ஒவ்வொரு கடிதத்துலயும் நான் முதல்ல தேடுறது என்னன்னா, யாருக்குக் குடுக்கப் போறீங்க, அவங்க எந்த ஊர்ல இருக்காங்க, என்ன சாப்பிடுவாங்க, அந்தத் துணிய யாரு துவைக்கப் போறா, இதுதான். அத எழுதினவங்களுக்கு என்னால நல்லா பதில் சொல்ல முடியுது, அதனால அடுத்த தடவ எழுதுறவங்களும் அத மறக்காம எழுதுங்க.

பையன் புனேல ஹாஸ்டல்ல இருக்கான். கிறிஸ்துமஸுக்கு வர லீவு இல்லயாம். கேக் செஞ்சு கொரியர்ல அனுப்பலாமா, கெட்டுப் போயிடுமா? எங்க வீட்ல ரம் எல்லாம் சேர்க்க மாட்டோம்.
வாசகி, நாகர்கோவில்

தாராளமா அனுப்பலாம்மா. க்ரீம் கேக், பால் ஊத்தின கேக்குன்னு எதையும் யோசிக்காதீங்க, கொரியருக்குன்னே பொறந்தது ப்ளம் கேக்தான். வெண்ணெயும் சர்க்கரையும் உலர்ந்த பழமும் அதிகம், தண்ணி கம்மி, அதான் அது தாங்குது.

ரம் இல்லன்னா திராட்சை ஜூஸ் இல்ல ஆரஞ்சு ஜூஸ்ல ஊற வைங்க. ஆனா ரம்ல ஊற வைக்கிறவங்க மாசக்கணக்குல வெளியவே வெச்சிருப்பாங்க, ஜூஸ்ல ஊறுறத அப்படி வெச்சா பொங்கிப் புளிச்சிடும், அதனால ரெண்டு மூணு நாள் போதும், அதுவும் ஃப்ரிட்ஜ்ல. அவசரம்னா பழத்தையும் ஜூஸையும் சின்ன தீயில அஞ்சு நிமிஷம் சூடு பண்ணி மூடி வைங்க, ஒரே ராத்திரில நல்லா உப்பிடும்.

என் அளவு இது: மைதா 200 கிராம், வெண்ணெய் 200, சர்க்கரை 150, முட்டை 4, ஊறின பழம் 400 கிராம், ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கூட கேரமல் சிரப். அந்த சிரப்புக்கு 100 கிராம் சர்க்கரைய அடி கனமான பாத்திரத்துல தண்ணி ஊத்தாம கருக விடணும், நல்லா செம்பு நிறம் தாண்டி காப்பிப்பொடி நிறம் வந்ததும் அடுப்ப அணைச்சிட்டு கால் கப் கொதிக்கிற தண்ணிய கொஞ்சம் தள்ளி நின்னு ஊத்துங்க, அது சீறி மேல தெறிக்கும், சின்னப் பிள்ளைங்கள கிட்ட விடாதீங்க. கேக்கோட கறுப்பு நிறமும் அந்த லேசான கசப்பும் இதுலருந்துதான் வருது, அந்தக் கசப்பு இல்லன்னா வெறும் திராட்சை போட்ட ஸ்பான்ஜ் மாதிரி இருக்கும். பழத்த வடிச்சு ஒரு கை மைதால பிரட்டிப் போட்டா அடில போய் உக்காராது. 160 டிகிரில ஒண்ணேகால் மணி நேரத்துலருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும், மேல சீக்கிரம் கறுத்தா பட்டர் பேப்பரால மூடிடுங்க.

முக்கியமானது இனிமேதான். கேக் முழுசா ஆறணும், முழுசான்னா ஒரு ராத்திரி. உள்ள துளி சூடு இருக்கும்போது மூடினீங்கன்னா வேர்த்து, அந்த ஈரத்துலதான் பூஞ்சை பிடிக்கும். ஆறினதும் பட்டர் பேப்பர், அதுக்கு மேல ஃபாயில், அப்புறம் காத்து போகாத டப்பா. இலங்கைல கிறிஸ்துமஸ் கேக்க மைதாக்குப் பதிலா ரவைல செஞ்சு, துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியா பேப்பர்ல சுத்திக் குடுப்பாங்க, ரொம்ப அழகான பழக்கம். உங்க பையனுக்கும் அப்படியே அனுப்புங்க, ஹாஸ்டல்ல கத்தி கிடையாது, ரூம்ல எல்லாருக்கும் ஆளுக்கு ஒண்ணு எடுத்துக் குடுக்க அவனுக்கும் வசதி.

என் கிட்ட ஓவன் கிடையாது, குக்கர்லதான் கேக் செய்றேன். மேல எழும்பி வருது, இறக்கினதும் நடுவுல பள்ளம் விழுந்துடுது. பொண்ணு பிறந்தநாளுக்குள்ள சரி பண்ணணும்.
வாசகி, மதுரை

பள்ளம் விழுறதுக்கு ரெண்டு காரணம்தான் பெரும்பாலும், ஒண்ணு வேகறதுக்கு முன்னாடி திறந்து பாக்கறது, இன்னொண்ணு சோடா ஜாஸ்தி. மாவுல உண்டாகுற காத்து முதல்ல கேக்க தூக்கிடும், முட்டையும் மாவும் இறுகி அத தாங்கிப் பிடிக்கறது அப்புறம்தான். அந்த இடைவெளில மூடிய திறந்தா சூடு சட்டுன்னு இறங்கி தூக்கின காத்து சுருங்கிடும், பிடிச்சுக்க நடுவுல ஒண்ணும் இருக்காது. அதனால முதல் முப்பது நிமிஷம் திறக்கவே கூடாது, எவ்ளோ ஆசையா இருந்தாலும்.

பேக்கிங் சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒண்ணு இல்லங்க, நிறைய பேர் ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ண அதே அளவு போடுறாங்க. சோடா வேலை செய்ய தயிர், மோர், எலுமிச்சைன்னு ஒரு புளிப்பு வேணும், பவுடர்ல அந்தப் புளிப்பும் சேர்ந்தே இருக்கு. ஒரு கப் மைதாக்கு பவுடர்னா ஒரு டீஸ்பூன், சோடான்னா கால் டீஸ்பூன் போதும், கூட தயிர் கண்டிப்பா.

குக்கர்ல கேஸ்கெட், வெயிட் ரெண்டையும் எடுத்துடுங்க, அடில ஒரு கப் கல்லுப்பு பரப்பி மேல ஸ்டாண்ட் வைங்க, பத்து நிமிஷம் மிதமான தீயில சூடு பண்ணிட்டு கேக் டின்ன வைங்க, அப்புறம் சிம்ல நாப்பதுலருந்து அம்பது நிமிஷம். தண்ணி இல்லாம சூடு பண்றதால நல்ல குக்கர இதுக்கு எடுக்க வேண்டாம், பழசு ஒண்ண ஒதுக்கிடுங்க. டின்ல முக்கால் பாகத்துக்கு மேல மாவு ஊத்தாதீங்க. பிறந்தநாளுக்கு முந்தின வாரம் ஒரு தடவ செஞ்சு பாத்துடுங்க, அடுப்புக்கு அடுப்பு சிம் மாறும், உங்க அடுப்புக்கு எத்தன நிமிஷம்னு உங்களுக்கே பிடிபட்டுடும்.

மகளுக்கு சிகாகோல ஜனவரில பிரசவம். முதல் பேரக்குழந்தை. இப்பலருந்தே பின்ன ஆரம்பிச்சா சரியா இருக்குமா? என்ன பின்னுறது?
வாசகி, திருச்சி

வாழ்த்துக்கள்மா, படிச்சதும் எனக்கே கை பரபரன்னு ஆயிடுச்சு. சிகாகோ ஜனவரின்னா பூஜ்யத்துக்குக் கீழ போற குளிர், நீங்க பின்னுறது வீணா போகாது. ஆனா பிறந்த குழந்தை அளவுல பின்னாதீங்க, அது சில வாரத்துலயே சின்னதாயிடும். மூணுலருந்து ஆறு மாச அளவுல ஒரு முன் பக்கம் திறக்கிற ஸ்வெட்டர் பின்னுங்க, தலை வழியா மாட்டுறது குழந்தைக்கும் பிடிக்காது, அம்மாக்கும் கஷ்டம்.

நூல் எதுன்னு கேட்டா, கைல தொட்டு பாக்காதீங்க, கன்னத்துல வெச்சு பாருங்க, அங்க குத்துச்சுன்னா குழந்தைக்கும் குத்தும். மெஷின்ல துவைக்கிற மாதிரி பேபி நூல் வாங்குங்க, ராத்திரி முழுக்க தூங்காத உங்க மகள் கம்பளிய கைல அலசிட்டு நிக்க முடியாது. 4 ப்ளைன்னு சொல்ற மெலிசான நூல்ல 100 கிராம் பந்து ரெண்டு வாங்குங்க, ரெண்டு லேபிள்லயும் லாட் நம்பர் ஒண்ணா இருக்கான்னு பாத்து வாங்கணும், இல்லன்னா ஒரே வெள்ளைதான்னு நினைச்சது பின்னி முடிச்சதும் ரெண்டு வெள்ளையா தெரியும். கழுத்துல கட்டுற நாடா, மணி, தொங்குற குஞ்சம் எதுவும் வேண்டாம், பட்டன இழுத்து இழுத்துப் பாத்து தைங்க, வாயில போயிடக் கூடாது.

இன்னொண்ணு, இத கொஞ்சம் மனச திடப்படுத்திட்டு கேளுங்க. அங்க டாக்டருங்க குழந்தை தூங்குற தொட்டில்ல போர்வை போட விட மாட்டாங்க, வீட்டுக்குள்ள குல்லாவும் வேண்டாம்னுதான் அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்லுது, முகத்த மூடிடலாம், உடம்பு சூடு ஏறிடலாம்னு. நீங்க ஆசையா அனுப்பின குல்லாவ மகள் கழட்டி வெச்சா அது உங்க மேல உள்ள மரியாதைக் குறைவு இல்ல. குல்லா வெளிய கிளம்புறப்போ, போர்வை ஸ்ட்ரோலர்ல மடி மேல, அப்படி நினைச்சே பின்னுங்க. கார் சீட்ல தடியான ஸ்வெட்டர் போட்டு பெல்ட் மாட்டக் கூடாது, பெல்ட் லூசா நின்னுடும், அதனால மெலிசா பின்னுறதுதான் நல்லது.

அமெரிக்க வீடியோ பாத்து எனக்கு ஒரு ஸ்வெட்டர் போட்டேன். 8ஆம் நம்பர் ஊசின்னு சொன்னாங்க, கடைல அதையே கேட்டு வாங்கினேன், சொன்ன எண்ணிக்கைலதான் கண்ணி போட்டேன், ஆனா எனக்கு உள்ளயே நுழையல!
வாசகி, கோயம்புத்தூர்

உங்க மேல தப்பே இல்ல. நம்ம ஊர் கடைல பழைய பிரிட்டிஷ் நம்பர் ஓடுது, அதுல நம்பர் ஏற ஏற ஊசி மெலிசாகும். அமெரிக்க நம்பர்ல ஏற ஏற தடியாகும். பிரிட்டிஷ் 8 நாலு மில்லிமீட்டர், அமெரிக்க 8 அஞ்சு மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர்தானேன்னு தோணும், ஆனா கணக்கு போட்டு பாருங்க, 10 சென்டிமீட்டருக்கு 18 கண்ணி வர வேண்டிய இடத்துல 22 வந்தா, 90 கண்ணி போட்ட முன் பக்கம் 50 சென்டிமீட்டர் வராம 41தான் வரும். அவ்ளோதான், நுழையாது.

அதனால இனிமே நம்பர விட்டுட்டு மில்லிமீட்டர் பாத்து வாங்குங்க, நிறைய ஊசில அடில போட்டிருக்கும். அப்புறம் எதுவும் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அதே நூல் அதே ஊசில பத்து சென்டிமீட்டருக்கு கொஞ்சம் பெருசா ஒரு சதுரம் பின்னி, துவைச்சு காய வெச்சு, கண்ணிய எண்ணுங்க. யாருக்கும் பிடிக்காத வேலைதான், ஒரு சாயங்காலம் போகும், ஆனா ஒரு மாச உழைப்பு தப்பிக்கும். குரோஷா, அதான் கொக்கி ஊசில பின்னுறது, அது போடுறவங்களுக்கும் இதே வம்பு உண்டு, அமெரிக்காவுல சிங்கிள் குரோஷான்னு சொல்றதத்தான் பிரிட்டன்ல டபுள் குரோஷான்னு சொல்றாங்க. உங்க ஸ்வெட்டர பிரிக்காதீங்க, அந்த அளவுல வீட்ல ஒரு தங்கச்சியோ அக்கா பொண்ணோ இல்லாமயா போயிடுவாங்க.

அப்பாக்கு சுகர். அறுபதாம் கல்யாணத்துக்கு நானே கேக் செய்யணும். கோதுமை மாவுல வெல்லம் போட்டு செஞ்சா சாப்பிடலாம் இல்ல?
வாசகி, தஞ்சாவூர்

இல்லம்மா. வெல்லமும் பெரும்பாலும் அதே சர்க்கரைதான், நிறமும் மணமும்தான் வேற, ரத்தத்துல ஏறுறதுல பெருசா வித்தியாசம் இல்ல. கோதுமைல நார் கொஞ்சம் கூட இருக்கு, அதுக்காக அது சுகர் இருக்கிறவங்களுக்கான கேக் ஆகிடாது. ஆரோக்கியமானதுன்னு நம்பி ரெண்டு துண்டு அதிகமா சாப்பிடுவாங்க, அதுதான் பயம். விருந்தாளிங்களுக்கு வழக்கமான கேக்கயே செய்ங்க, அப்பாக்கு எவ்ளோ சாப்பிடலாம்னு அவரோட டாக்டர கேட்டுக்கோங்க. அவருக்குன்னு தனியா சீரகம், ஓமம், பச்சமிளகா, கறிவேப்பிலை போட்ட கார பிஸ்கட் சுட்டு ஒரு டப்பால பேர் எழுதிக் குடுங்க, அதுவும் மாவுதான், ரெண்டு மூணுக்கு மேல வேண்டாம், ஆனா காப்பி கூட கடிச்சுக்க அவருக்குன்னு ஒண்ணு இருக்கும்.

பின்னத் தெரியும்னா சால்வை பின்னுங்க, சாக்ஸ் மட்டும் வேண்டாம். சுகர்ல பாதம் மரத்துப் போயிருந்தா உள்ள ஒரு முடிச்சு உறுத்துறது அவருக்குத் தெரியாது, புண்ணாயிடும்.

அம்மா ரிட்டயர் ஆகி கோத்தகிரில செட்டில் ஆகுறாங்க. மஃப்ளர் பின்னிக் குடுக்க நினைச்சு கத்துக்கிட்டு இருக்கேன். ஃப்ரெண்ட்ஸ் கிண்டல் பண்றாங்க. அது போக, ஓரம் ரெண்டும் குழாய் மாதிரி சுருண்டுக்குது.
வாசகர், ஈரோடு

தம்பி, ஐரோப்பாவுல இத தொழிலா செஞ்ச அந்தக் காலத்து சங்கங்கள்ல ஆம்பளைங்கதான் இருந்தாங்க, வருஷக்கணக்குல கத்துக்கிட்டுதான் உள்ள சேர முடியும். அத விடுங்க, அம்மா கழுத்துல அது ஏறினப்புறம் யாரு என்ன சொல்லப் போறா.

சுருள்றதுக்கு காரணம், ஒரு வரி நிட் (நேர் பின்னல்), ஒரு வரி பர்ல் (எதிர் பின்னல்)னு போட்டிருப்பீங்க. அந்தத் துணிக்கு முன் பக்கமும் பின் பக்கமும் இழுவை வேற வேற, அதனால சும்மா வெச்சாலே சுருளும், அயர்ன் பண்ணாலும் திரும்ப வந்துடும். மஃப்ளருக்கு எல்லா வரியும் நிட் மட்டும் போடுங்க, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும், தட்டையா நிக்கும், முதல் தடவ பின்னுறவங்களுக்கு இதவிட நல்லது இல்ல. 20 சென்டிமீட்டர் அகலம், 150 நீளம். அம்மாக்குப் பிடிச்ச கலர்ல வாங்குங்க, உங்களுக்குப் பிடிச்சதுல இல்ல.

மருமகளுக்கு சுத்தக் கம்பளில ரெண்டு மாசம் பின்னி ஸ்வெட்டர் குடுத்தேன். ஒரு தடவ கூட போட்டு பாக்கல. கேக்கவும் மனசு வரல.
வாசகி, சேலம்

இந்த லெட்டர நாலு தடவ படிச்சேன். ரெண்டு மாசம் தினமும் அந்தப் பொண்ண நினைச்சுக்கிட்டே பின்னியிருப்பீங்க, அந்த வலி எனக்குப் புரியுது. எனக்கும் நடந்திருக்கு. என் நாத்தனாருக்குப் பின்னிக் குடுத்தது வருஷம் முழுக்க வெளிய வரவே இல்ல, கடைசில ஒரு நாள் அழுதுக்கிட்டே எடுத்துக் காட்டினாங்க, மத்த துணியோட வாஷிங் மெஷின்ல வெந்நீர்ல போட்டுட்டாங்களாம், சுருங்கி அட்டை மாதிரி ஆயிடுச்சு. சுத்தக் கம்பளிய சூடும் அடியும் சேர்ந்து பட்டா அதோட இழை ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும், திரும்ப பிரியவே பிரியாது. சொல்ல பயந்துட்டு மறைச்சு வெச்சிருக்காங்க.

உங்க மருமகளுக்கு அது நடந்திருக்கலாம், இல்ல கம்பளி தோல்ல அரிக்கலாம், இல்ல கழுத்து இறுக்கமா இருக்கலாம். "ஏன் போடல"ன்னு கேக்காதீங்க. "அளவு சரியா இருக்காம்மா, கழுத்து மாத்தணும்னா குடு, பிரிச்சு போட்டுத் தரேன்"னு கேளுங்க. பின்னினதுல பெரிய வசதியே அதுதான், பிரிக்கலாம். அரிக்குதுன்னு சொன்னா பருத்தி நூல்ல இன்னொண்ணு போடுங்க, இந்தத் தடவ நூல் கடைக்கு அந்தப் பொண்ணையும் கூட்டிட்டுப் போங்க.

பழைய கம்பளி ஸ்வெட்டர்ல பொடி ஓட்டை விழுது. என்ன செய்ய?
வாசகி, கொடைக்கானல்

பூச்சிதான். கம்பளியத் தின்னும், அக்ரிலிக்க அவ்வளவா சீண்டாது. வேர்வையும் சாப்பாட்டுக் கறையும் இருக்கிற இடத்தத்தான் தேடிப் போகும், அதனால துவைக்காம உள்ள வைக்கவே கூடாது. வெயில்ல நல்லா உதறிக் காய வெச்சு, காத்து போகாத கவர்ல போட்டு மூடி வைங்க. விழுந்த ஓட்டைய அதே கலர் நூல்ல இப்பவே பிடிச்சுடுங்க, ஒரு கண்ணி ஓடிச்சுன்னா கீழ வரைக்கும் ஓடிடும்.